வேருக்குச் சந்தா கட்டலாமா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். லாங் பஜாரிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் வாழ்கிற நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு, வம்சாவளி தேடித் தருகிறோம் என்று சொல்லும் வெளிநாட்டு இணையதளங்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது பெரும்பாலும் வீண் செலவு. விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் பொது விதி இதுதான். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. அந்தப் பணத்தை வெளியே அனுப்பிவிட்டு நாம் காத்திருக்கும் நேரத்தில், நம் வீட்டுப் பரணிலும் நம் ஊர் அலுவலகங்களிலும் இருக்கிற உண்மையான வம்சாவளி கரையான் வாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் பதிவின் கோபம் அதைப் பற்றியது.

இப்போது இது ஏன் என்று கேட்பீர்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் 'உன் குடும்ப மரத்தை வரைந்து வா' என்கிறார்கள். மருமகளோ மகனோ ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், ஃபைண்ட்மைபாஸ்ட் என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் இலவசம். பிறகு அட்டையிலிருந்து பணம் தானாகப் போகிறது. எல்லாக் கதவையும் திறக்கும் முழுத் திட்டம் என்றால் ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். பிறகு இங்கே ஒரு போன் வரும்: "அப்பா, கொள்ளுத் தாத்தா பேரு என்ன? எந்த வருஷம் பிறந்தார்? கம்ப்யூட்டர் கேட்குது." பணம் கட்டியது அங்கே, பதில் சொல்ல வேண்டியது இங்கே இருக்கும் கிழவன். இந்த வியாபாரத்தின் முழு லட்சணமும் இந்த ஒரு போன் பேச்சிலேயே இருக்கிறது.

அந்தக் கம்பெனிகள் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் விற்கும் சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் யாருக்கு நெய்த துணி அது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் தேவாலயம்தோறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் பதிவேடு இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை, வீட்டு எண், பெயர், வயது, தொழில் எல்லாவற்றுடனும், நூறு ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் போதும். 1950 கணக்கெடுப்பை அவர்களும் 2022-லேயே திறந்தார்கள். இந்தக் காகிதங்களைப் படமெடுத்து, பெயர் அட்டவணை போட்டு, தேடும் வசதியோடு வாடகைக்கு விடுவதுதான் அந்தத் தொழில்.

நம் கதை என்ன? இந்தியாவிலும் 1871-72 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணுகிறார்கள். ஆனால் எண்ணிக்கைதான் நமக்குக் கிடைக்கும், பெயர் கிடைக்காது. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அந்தக் குறிப்புகளை யாரும் பார்வையிட முடியாது என்றே சொல்கிறது. ஆகவே சந்தா கட்டினால் லண்டன்காரருக்குத் திறக்கிற அறை வேறு, நமக்குத் திறக்கிற அறை வேறு. நமக்குத் திறக்கிற அறையில் நம் தாத்தாக்கள் நுழைந்ததே இல்லை.

அடுத்தது பெயர். அந்தத் தளங்களின் தேடுபெட்டியில் முதல் கட்டம் முதற்பெயர், இரண்டாவது கட்டம் குடும்பப் பெயர். குடும்பப் பெயரே அந்த இயந்திரத்தின் அச்சாணி. நமக்கு அது கிடையாது. அப்பாவின் பெயர் எனக்கு இனிஷியல். என் பெயர் என் மகனுக்கு இனிஷியல். ஒவ்வொரு தலைமுறையிலும் அச்சாணி கழன்று வேறு ஒன்று மாட்டப்படுகிறது. போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம். முனுசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் முனுசாமி, அவன் மகன் மறுபடி கோவிந்தசாமி. நூறு வருஷத்தில் இரண்டே பெயர். இயந்திரம் பாவம், தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கி, 'உங்களுக்கு ஒரு பொருத்தம் கிடைத்திருக்கிறது' என்று மின்னஞ்சல் அனுப்புகிறது. அதை நம்பி ஒருவர் தன் மரத்தில் ஒட்டிக்கொள்வார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஒட்டிக்கொள்வார்கள். ஐந்து மரத்தில் இருப்பதால் அது உண்மை என்று ஆறாவது ஆள் நம்புவார்.

எழுத்துக்கூட்டலைப் பற்றித் தனியாகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் படித்தது பிரெஞ்சு வழியில், பிழைத்தது ஆங்கிலக் கோப்புகளில். முருகேசன் என்பதை ஆங்கிலேயர் ஒன்பது எழுத்தில் எழுதி முடித்துவிடுவார். அதே பெயருக்குப் பிரெஞ்சு குமாஸ்தா பதினான்கு எழுத்துச் செலவழிப்பார். உகரம் வருகிற இடமெல்லாம் அவருக்கு இரண்டு எழுத்து வேண்டும், ககரத்தை மெலிதாக்க இன்னொன்று, கடைசியில் ஒலிக்காத ஒன்று வேறு. ஒரே ஆள் வேலூரில் ஒரு பெயர், புதுச்சேரியில் ஒரு பெயர், கப்பல் ஏறினால் மூன்றாவது பெயர். சந்தாத் தளத்தின் இயந்திரம் ஆங்கிலப் பெயர்களின் வேறுபாடுகளை ஓரளவு அறியும். இதை அறியாது. அறிந்தவர் தமிழ் தெரிந்த மனிதர்தான்.

ஊரும் அப்படியே. 'வேலூர் மாவட்டம்' என்று அடித்துத் தேடுகிறார்கள். 1911 வரை நாம் வட ஆற்காடு ஜில்லா. அதன் தலைநகரம் சித்தூர். அந்த ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமாகி, தலைநகரம் வேலூருக்கு வந்தது. ஆம்பூர் அப்போதும் வட ஆற்காடு. ஆனால் ரயிலில் அடுத்தடுத்து வருகிற வாணியம்பாடி, திருப்பத்தூர் தாலுகாவோடு சேர்ந்து, 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. இரண்டு ஊர் தோல் வியாபாரிகளும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். காகிதம் மட்டும் இரண்டு ஜில்லாவில். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இந்த எல்லைக் கணக்குத் தெரியாமல் சந்தா கட்டுவது, எந்த ரயில் என்று தெரியாமல் டிக்கெட் எடுப்பதுதான்.

உறவு முறைக்கு வருவோம். அந்த மென்பொருளில் அத்தை மகளுக்கும் சித்தப்பா மகளுக்கும் ஒரே சொல்: கசின். நமக்கு ஒருத்தி கட்டிக்கொள்ளும் முறை, மற்றவள் தங்கை. பங்காளி, சம்பந்தி, மாமன், மைத்துனன் என்ற நான்கு தூண்களில் நிற்கிற வீட்டை ஒரே சொல்லில் இடித்துவிட்டு, மரம் வரைந்தேன் என்கிறார்கள். அக்காள் மகளைக் கட்டிய தாய்மாமனை உள்ளே போட்டால் 'பிழை இருக்கலாம், சரிபார்க்கவும்' என்று சிவப்பு விளக்கு எரியும். எச்சில் துப்பி அனுப்பும் மரபணுச் சோதனையிலும் இதே கோளாறு. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கல்யாணம் செய்த கூட்டத்தில், தூரத்து உறவுகூடக் கணக்கில் நெருங்கிய உறவாகத் தெரியும். நான்கு தலைமுறைக்கு முன் பிரிந்தவரை இரண்டு தலைமுறைக்கு முன் பிரிந்தவராகக் காட்டும்.

யாருடைய காகிதம் உலகத்தில் தங்குகிறது என்பதற்கு நம் கோட்டையே சாட்சி. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816-இல் ஆங்கிலேயர் வேலூருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அரசாங்கப் படி கொடுத்தார்கள். படி கொடுத்ததால் பட்டியல் எழுதினார்கள். பட்டியல் எழுதியதால் வாரிசுகளின் பெயர் நின்றது. அந்த அரச குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவர், தண்ணீர் சுமந்தவர், பல்லக்கு தூக்கியவர் பெயரெல்லாம் எங்கே? குமாஸ்தாவாக முப்பது வருஷம் கோப்பு கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பென்ஷன் இருந்த இடத்தில் காகிதம் இருக்கும், வரி இருந்த இடத்தில் காகிதம் இருக்கும், வழக்கு இருந்த இடத்தில் காகிதம் இருக்கும். அன்பு இருந்த இடத்தில் காகிதம் இருக்காது.

இனி விதிவிலக்கு. ஃபைண்ட்மைபாஸ்ட் நிறுவனம் 2014-இல் பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களை வெளியிட்டது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், உயில், பென்ஷன் என்று இலட்சக்கணக்கான பதிவுகள். ஜோலார்பேட்டை, அரக்கோணம் ரயில்வே காலனிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு அது புதையல். கோட்டைப் பட்டாளத்தில் வெள்ளைக்காரச் சிப்பாயாக இருந்தவரின் வழி வந்தவருக்கும் அப்படியே. இரண்டு தலைமுறைக்கு முன்பே இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ குடியேறி, அங்கே பிறப்பும் இறப்பும் பதிந்தவர்களுக்கும் பயன் உண்டு. இவர்கள் சந்தா கட்டலாம். ஆனால் ஆண்டுச் சந்தா வேண்டாம். தேட வேண்டியவற்றை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டி, கிடைத்ததையெல்லாம் இறக்கிக்கொண்டு, மறுநாளே ரத்து செய்துவிட வேண்டும். சந்தா நின்றால் பதிவுகள் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். அங்கே நீங்கள் வாங்குவது வீடு அல்ல, வாடகை அறை.

மற்றவர்களுக்கு, வெளிநாட்டில் இருக்கிற உருப்படியான சரக்கில் பெரும்பகுதி காசில்லாமலேயே கிடைக்கிறது. இதுதான் எனக்குப் பெரிய வியப்பு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆற்காட்டுக்காரர்கள் அதில் ஏராளம். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களைத் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழக ஆவண மையம் இலவசமாகவே பொதுவில் வைத்தது. போரில் இறந்த சிப்பாய்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம், கட்டணம் கிடையாது. பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஃபேமிலிசர்ச் என்ற தளம் அமெரிக்காவின் மார்மன் திருச்சபை நடத்துவது. முன்னோருக்காகச் சடங்கு செய்வது அவர்கள் சமய நம்பிக்கை. அதற்காகவே உலகம் முழுவதும் படமெடுக்கிறார்கள். ஹரித்வார் பண்டாக்களின் யாத்திரைப் பதிவேடுகள்கூட அதில் உண்டு. அதற்கும் கட்டணம் இல்லை.

பிரெஞ்சிந்தியத் தொடர்பு உள்ள குடும்பங்களுக்கு இன்னொரு கதவு. தெற்கு பிரான்சில் எக்ஸான்ப்ரோவான்ஸ் நகரத்தில் கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம் இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஊர்களின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு சல்லிக் காசு வேண்டாம், பெயர் பதிய வேண்டாம். கரும்புத் தோட்டத்துக்கு நம் ஜனங்கள் போன ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் பதிவேடுகளும் அங்கே உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்கள் நிலையான ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டன. அவர்களுக்கு மட்டும் அந்த அச்சாணி இருக்கிறது.

இந்தப் பதிவேடுகளைப் படிக்கும்போது ஒன்று மனதைத் தைக்கும். பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு பெண் சாகும் வரை பிறந்த பெயரிலேயே பதிவாவாள். மகனின் பிறப்பைப் பதியும்போது தாயின் பெயர், திருமணத்தின்போது அவள் யார் மகள் என்பது, இறப்பின்போது மறுபடி அவள் சொந்தப் பெயர். நம் பக்கத்தில் பட்டாவில் அவள் பெயர் இல்லை. வாக்காளர் பட்டியலில் 'இன்னார் மனைவி'. கல்லறையிலோ காடாற்றிலோ ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தாத்தாவின் அப்பா பெயர் சிலருக்குத் தெரியும். ஆயாவின் பெயர் என்ன? "ஆயாதான்" என்பார்கள். எந்தச் சந்தாத் தளமும் அந்தப் பெயரைக் கண்டுபிடித்துத் தராது. அதைத் தெரிந்து வைத்திருக்கிற கடைசி மனுஷி இன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த வருஷம் இருப்பாளா என்பது நிச்சயமில்லை.

அப்படியானால் நம் வம்சாவளி எங்கே இருக்கிறது? இரும்புப் பெட்டியைத் திறந்து மொய் நோட்டை எடுங்கள். உலகத்தில் எந்த இனத்துக்கும் இவ்வளவு அருமையான குடும்ப ஆவணம் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஊர், பெயர், தகப்பன் பெயர், என்ன உறவு, எவ்வளவு மொய். 1960-இல் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டும் 1990-இல் நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டும் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே யார் செத்தார், யார் ஊர் மாறினார், எந்தப் பங்காளியோடு பேச்சு நின்றது என்று தெரிந்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், ஜாதகக் கட்டுகள், பள்ளி டி.சி., அரசு ஊழியராக இருந்தவரின் பணிப்பதிவேட்டு நகல். குலதெய்வக் கோயிலில் திருவிழா வரி வசூலிக்கும் தலைக்கட்டுப் பட்டியல் என்பது என்ன? பங்காளிகளின் முழு மரம்தான். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர். மணமகள் பெயர், அவள் தகப்பன் பெயர், மஹர், சாட்சிகள் எல்லாம் அதில் இருக்கும். கிறிஸ்தவர்களுக்கு 1850-களில் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழிவந்த சபைகளின் பதிவேடுகள். லாங் பஜார் மண்டிக்காரர்களுக்குப் பேரேடும் நாள்வழியும். எந்த ஊர் வியாபாரிக்குக் கடன், யார் கல்யாணத்துக்கு எவ்வளவு பற்று என்று கணக்கிலேயே குடும்பம் தெரியும்.

பிறகு அலுவலகங்கள். சொத்து ஒன்று இருந்தால் சார்பதிவாளர் அலுவலகம்தான் முதல் கோயில். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், பத்திரத்தில் வருகிறவரின் ஊர், தொழில் இவற்றோடு இந்தியர் என்றால் தந்தை பெயரையும் அடையாளமாகச் சேர்த்துக்கொள்கிறது. பெயர்வாரியாகவும் சொத்துவாரியாகவும் அங்கே அட்டவணை இருக்கிறது. 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறை தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு மனுப் போட்டுச் சிறு கட்டணம் கட்ட வேண்டும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் மூன்று தலைமுறை கையில் வந்துவிடும். பிறப்பு இறப்புக்குச் சென்னை மாகாணத்தில் 1899-லேயே சட்டம் வந்தது. இன்றைய சட்டம் 1969-ஆம் ஆண்டினுடையது. அதன் 17-ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பதிவைத் தேடச் சொல்லலாம். கோயில் மானியம், தர்ம மானியம் பெற்ற குடும்பம் என்றால் 1858-இல் அமைத்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

"சார், இதையெல்லாம் தேட யாருக்கு நேரம் இருக்கு?" என்று நம் கடைத்தெருவில் ஒரு நண்பர் கேட்டார். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்ததே, அப்போது எப்படி நேரம் வந்தது? 2002, 2005 பட்டியல்களில் தன் பெயரோ அப்பா அம்மா பெயரோ தாத்தா பாட்டி பெயரோ எங்கே இருக்கிறது என்று தெருவே தேடியது. எந்தப் பாகம், எந்த வரிசை எண், அப்போது எந்த வீட்டில் வாடகைக்கு இருந்தோம் என்று வீட்டுக்கு வீடு போன் பறந்தது. ஓட்டு போய்விடும் என்ற பயம் வந்ததும் எல்லோரும் வம்சாவளி ஆராய்ச்சியாளர் ஆனோம். சந்தா கட்டவில்லை. ஆக, நேரம் இல்லை என்பது சாக்கு.

இந்த உழைப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. சந்தாத் தளத்தில் அச்செடுத்த வண்ண மரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். வாரிசுச் சான்றிதழுக்கு அதைக் கொண்டுபோய்த் தாசில்தாரிடம் நீட்டினால் சிரிப்பார். அவருக்கு வேண்டியது இறப்புச் சான்று. இறந்து ஒரு வருஷம் தாண்டியும் பதியவில்லை என்றால் பெரிய அதிகாரியின் உத்தரவு வரை அலைய வேண்டும். தாத்தா பெயரிலேயே கிடக்கிற பட்டாவை மாற்ற முடியாமல் கோர்ட் வாசலில் நிற்கிற குடும்பங்களை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். அவர்களிடம் இல்லாதது குடும்பப் பெருமை அல்ல, ஒரு துண்டுக் காகிதம். வம்சாவளி வசதியுள்ளவருக்குப் பொழுதுபோக்கு, இல்லாதவருக்கு அது நிலம்.

அந்தரங்கத்தையும் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கிறவர்களின் பிறந்த தேதி, தாயின் பெயர், திருமண நாள் எல்லாவற்றையும் அந்த மரத்தில் ஏற்றுகிறோம். வங்கிக்காரர் போனில் நம்மை அடையாளம் காணக் கேட்கிற கேள்விகள் இவையேதான். மைஹெரிட்டேஜ் நிறுவனத்திலிருந்து 9.2 கோடிப் பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் மறையாக்கிய கடவுச்சொற்களும் வெளியே போனதை 2018-இல் அவர்களே அறிவித்தார்கள். மரபணுச் சோதனை நிறுவனமான 23 அண்ட் மீ-யில் 2023-இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரம் திருடுபோனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுப் போட்டது. வாடிக்கையாளரின் மரபணு விவரத்தோடு சேர்த்துக் கம்பெனி ஏலத்துக்கு வந்தது. கடைசியில் நிறுவியவரே ஓர் அமைப்பின் மூலம் எடுத்துக்கொண்டார் என்பது வேறு. பாட்டனின் எச்சில் ஏலச் சரக்காகலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

"பிள்ளைகளுக்கு ஊரோடு ஒரு ஒட்டுறவு வருகிறதே, அதற்கு விலை உண்டா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஆசையை நான் பழிக்கவில்லை. அது இருக்கிற வரைக்கும்தான் நமக்குப் போன் வரும். ஆனால் அந்த ஒட்டுறவு போனில் பேசுகிற அரைமணி நேரத்தில் உண்டாகிறது, இயந்திரம் அனுப்பும் பொருத்தத்தில் அல்ல. மரத்தை வரைய மென்பொருள் வேண்டும் என்றால் கிராம்ப்ஸ் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. நம் கணினியிலேயே இருக்கும், யாருக்கும் போகாது. அதுவும் வேண்டாம் என்றால் நீளக் கணக்கு நோட்டு ஒன்று போதும்.

என் கடைசிச் சண்டை நம் அரசாங்கத்தோடும் நம்மோடும். 1980-இல் கணக்குப்பிள்ளை, முன்சீப் முறையை ஒழித்தது சரியான காரியம்தான். ஆனால் அவர்கள் வைத்திருந்த ஏடுகளை ஒப்படைத்தவர்களும் உண்டு, வீட்டுப் பரணில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. நகராட்சிகளிலும் தாலுகா அலுவலகங்களிலும் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் நைந்து உதிர்கின்றன. காலனி ஆண்ட பிரான்ஸ், தான் விட்டுப்போன ஊரின் பதிவேட்டைப் படமெடுத்து உலகத்துக்கே இலவசமாக வைத்திருக்கிறது. சொந்த ஊரை ஆளுகிற நாம் நம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பதிவேடுகளை ஏன் அப்படி வைக்கக் கூடாது? பட்டாவையும் வில்லங்கத்தையும் இணையத்தில் ஏற்றத் தெரிந்த அரசுக்கு இது மலையா? நாம் கேட்கவில்லை, அவர்கள் செய்யவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு வருஷம் தவறாமல் கட்டுகிறவர்கள், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் இதற்காக ஒரு மனுக் கொடுத்ததுண்டா?

ஆகவே என் யோசனை. இந்த வருஷச் சந்தாப் பணத்தை எடுங்கள். அதில் கொஞ்சம் போட்டு மொய் நோட்டுகளையும் பழைய பத்திரங்களையும் படமெடுத்து வையுங்கள். கொஞ்சம் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுகூலிக்கு. கொஞ்சம் பஸ் செலவுக்கு, குலதெய்வக் கோயிலுக்கும் தாய்மாமன் ஊருக்கும் ஒருமுறை போய்வர. மீதி இருந்தால் அந்த ஆயாவுக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து முதலில் அவள் பெயரைக் கேளுங்கள், பிறகு அவள் அம்மா பெயர், அவள் அம்மாவின் ஊர். போனில் பதிவு செய்து, அன்றிரவே நோட்டில் தேதி போட்டு எழுதி, யார் சொன்னது என்றும் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகும் லண்டன் காகிதம் வேண்டும் என்று தோன்றினால் ஒரு மாதம் சந்தா கட்டுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.